சுவருக்கும் துளைக்கும் நடுவே பன்னிரண்டு அங்குலம்

பழைய வீட்டின் கழிப்பறைக் கோப்பையை மாற்றப் போகிறவர்களுக்கு வரும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான். தரையில் இருக்கும் கழிவுத் துளை சுவரிலிருந்து ஒரு தூரத்தில் இருக்கும். வாங்கி வந்த கோப்பையின் வாய் வேறு தூரத்துக்கென்று வார்க்கப்பட்டிருக்கும். ஒன்பது இஞ்ச் கோப்பையைப் பன்னிரண்டு இஞ்ச் துளையின் மேல் வைத்தால் முதுகுப் பக்கம் மூன்று இஞ்ச் சந்து விழுந்து, தண்ணீர்த் தொட்டி சுவரைத் தொடாமல் நிற்கும். பன்னிரண்டை ஒன்பதில் வைப்பதென்றால் தொட்டி சுவருக்குள் புகவேண்டும். வீட்டுக்காரர் பிளம்பரைத் திட்டுவார், பிளம்பர் அன்று வீடு கட்டிய கொத்தனாரைத் திட்டுவார், கொத்தனார் இருந்தால் கம்பெனிக்காரனைக் கை காட்டுவார். மூன்று பேர் மீதும் பெரிய குற்றம் இல்லை என்பதே என் வாதம். இந்தப் பொருத்தமின்மை பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒரு வேலை ஒரு தொழிலாளியின் கையிலிருந்து இன்னொரு தொழிலாளியின் சூளைக்குப் போனபோது பிறந்தது. குழாய் சுவர் வழியாகப் போகவேண்டுமா, தரை வழியாகவா என்பதை அந்தந்த நாட்டின் பயமும் குளிரும் முடிவு செய்தன. நம் வீட்டுக் குளியலறையில் டேப்பை நீட்டும்போது நாம் அளப்பது அந்தப் பழைய முடிவுகளைத்தான்.

அந்த வேலை, குழாயை வளைக்கும் வேலை. 1775ல் லண்டனில் கடிகாரக் கைவினைஞர் அலெக்சாண்டர் கம்மிங் நீர்க் கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றபோது, அதில் நிலைத்த பகுதி கோப்பைக்கு அடியில் இருந்த எஸ் வடிவ வளைவு. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடைக் காற்று மேலே ஏறாமல் அடைக்கும். இன்று நம் பிளம்பர்கள் ‘வாட்டர் சீல்’ என்று சொல்வது இதைத்தான். மூன்றாண்டு கழித்து ஜோசஃப் பிராமா அதே கருவியின் வால்வைத் திருத்திச் செய்தார். அவருடைய கழிப்பறைகள் பணக்கார வீடுகளில் நெடுங்காலம் ஓடின. அந்தக் காலத்துக் கழிப்பறையில் கோப்பை ஒரு தனிப் பொருள், வால்வு தனி, வளைவு தனி. எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டி மூடி மறைக்கும். வளைவையும் அதற்குக் கீழே போகும் குழாயையும் பிளம்பர் ஈயத்தகட்டில் அந்த இடத்துக்கு ஏற்ப வளைத்து, பற்றவைத்து முடிப்பார். ஈயம் மென்மையானது, சுவரிலிருந்து பத்து அங்குலம் வேண்டுமா, பதினேழு வேண்டுமா, அவர் கை பார்த்துக்கொள்ளும். ஆகவே சுவருக்கும் துளைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு அன்று வேலையே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் தூரம் அந்த வீட்டுக்காக மட்டும் பிறந்து, அந்த வீட்டோடு முடிந்தது.

நிலைமை மாறியது மண்பாண்டத் தொழிலால். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரக் குயவர்கள் தட்டும் கோப்பையும் செய்த அதே திறமையை இதன்பக்கம் திருப்பினார்கள். 1883ல் தாமஸ் ட்வைஃபோர்ட் வெளியிட்ட ‘யூனிட்டாஸ்’ தரையில் தானாக நிற்கும் ஒற்றைப் பீங்கான் கழிப்பறை. கோப்பையும் பீடமும் வளைவும் ஒரே துண்டு. மரப்பெட்டி போயிற்று, அதற்குள் ஒளிந்திருந்த அழுக்கும் போயிற்று, சுற்றிலும் கழுவலாம். அடுத்த ஆண்டு லண்டனில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸின் பீடக் கழிப்பறை தங்கப் பதக்கம் வாங்கியது. (1851ன் பெரிய கண்காட்சியில் மக்கள் ஒரு பென்னி கொடுத்துப் போன கழிப்பறைகளை வைத்தவரும் இதே ஜென்னிங்ஸ்தான்.) சுகாதாரத்தைப் பொறுத்தவரை இது பெரிய முன்னேற்றம், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பிளம்பர் இடத்தைப் பார்த்து வளைத்த வளைவை இப்போது குயவர் அந்த இடத்தைப் பார்க்காமலே அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு, கெட்டியாக்கி அனுப்பினார். சுட்ட பீங்கானை யாரும் அரை அங்குலம்கூட நகர்த்த முடியாது. கோப்பையின் வாய்க்கும் முதுகுக்கும் இடையே ஒரு நிலையான எண் பிறந்தது அப்போதுதான். மறுபுறம் ஈயத்தின் இடத்தை மெதுவாக வார்ப்பிரும்பு பிடித்தது. மேலே இருந்தது கெட்டியானதுபோலவே கீழே இருந்ததும் கெட்டியானது. நடுவே விட்டுக்கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

இரண்டு கெட்டிப் பொருள்கள் எங்கே சந்திப்பது என்பதில் பிரிட்டனும் அமெரிக்காவும் வேறு வேறு வழி போயின. பிரிட்டனை ஆட்டிப் படைத்தது சாக்கடைக் காற்றைப் பற்றிய பயம். 1871ல் ஸ்கார்பரோவில் ஒரு மாளிகையில் விருந்தாளியாகத் தங்கிய வேல்ஸ் இளவரசருக்கு டைஃபாய்டு வந்து உயிருக்கே ஆபத்தானது. அதே விருந்தில் இருந்த செஸ்டர்ஃபீல்ட் பிரபு இறந்தே போனார். பத்து ஆண்டுகளுக்கு முன் இளவரசரின் தந்தை ஆல்பர்ட் இறந்ததும் அதே நோயால்தான் என்று சொல்லப்பட்டிருந்ததால் நாடு நடுங்கியது. பழி வீட்டுக்குள் கசிந்த சாக்கடைக் காற்றின்மேல் விழுந்தது. லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் பிரிட்ஜின் டீல் 1878ல், வீட்டுக் குழாய்க் கோளாறுகள் எப்படியெல்லாம் நோயை உள்ளே விடும் என்று படம் போட்டுக் காட்டிய புத்தகம் பரவலாகப் படிக்கப்பட்டது. இந்தச் சூழ்நிலையில்தான் 1875ன் பொதுச் சுகாதாரச் சட்டத்தை ஒட்டி 1877ல் மாதிரித் துணைவிதிகள் வந்தன. கழிப்பறையின் ஒரு பக்கமாவது வெளிச்சுவராக இருக்கவேண்டும், கழிவுக் குழாய் கட்டடத்துக்கு வெளியே போகவேண்டும் என்பது அவற்றின் போக்கு. நோய் காற்றால் அல்ல, கிருமியால் வருகிறது என்று பிறகு தெளிந்தது. ஆனால் அதற்குள் பிரிட்டிஷ் வீடுகளின் பின்சுவரெல்லாம் குழாய் ஏறிவிட்டது. கோட்பாடு தவறாகிப் போகலாம், குழாய் தவறாகிப் போவதில்லை. அது அங்கேயே நிற்கும். வெளிச்சுவரில் குழாய் என்றால் கோப்பையின் வாய் பின்பக்கமாகச் சுவரை நோக்கி நீளவேண்டும். இதுதான் ‘பி டிராப்’. இதற்கு முக்கியம் தரையிலிருந்து உயரம். சுவரிலிருந்து தூரம் இரண்டாம்பட்சம், ஏனென்றால் ஒரு சிறு இணைப்புக் குழாயை நீட்டியோ குறைத்தோ சரிக்கட்டிவிடலாம். வெளியே தொங்கிய குழாய்கள் கடுங்குளிரில் உறையும் என்பதை பிரிட்டன் பலமுறை அனுபவித்தது. 1962-63ன் கொடுமையான குளிர்காலத்துக்குப் பிறகு 1965ல் வந்த கட்டட விதிகள் குழாயை உள்ளே கொண்டுவரச் சொன்னதற்குள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஓடிவிட்டது.

அமெரிக்காவின் வடகிழக்கு நகரங்களில் குழாயை வெளியே விடும் பேச்சுக்கே இடமில்லை, குளிர் விடாது. அங்கே குழாய் வீட்டின் நடுவே, மரச்சட்டச் சுவருக்குள் இறங்கியது. கோப்பையின் வாய் நேராகத் தரைக்குள் போயிற்று. இதுதான் ‘எஸ் டிராப்’. அமெரிக்காவின் பீங்கான் கழிப்பறைத் தொழில் நியூ ஜெர்சியின் ட்ரெண்டனில் வேரூன்றியது. 1873லேயே தாமஸ் மாடக் அங்கே இதைச் செய்யத் தொடங்கிவிட்டார். தரைத் துளை என்றவுடன் சுவரிலிருந்து தூரம் உயிர்நாடியாகிவிடுகிறது. பழைய அமெரிக்க வீடுகளில் பத்து, பன்னிரண்டு, பதினான்கு அங்குலம் என்று மூன்று விதமும் கிடைக்கின்றன. நெருக்கமான சின்ன அறைகளுக்குப் பத்து வசதி. தொட்டியைச் சுவரில் தனியாக மாட்டி, வளைந்த குழாயால் கோப்பையோடு இணைத்த பழைய அமைப்புகளுக்குக் கூடுதல் தூரம் வேண்டியிருந்தது. தொட்டி கோப்பையின் மேலேயே உட்காரும் ஜோடி வடிவம் வந்ததும் பன்னிரண்டு அங்குலம் மெல்ல எல்லாவற்றையும் விழுங்கியது. இதில் கவனிக்கவேண்டிய ஒன்று: அமெரிக்கப் பிளம்பிங் விதிகள் கோப்பையின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவர் பதினைந்து அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்கின்றன, முன்னால் எவ்வளவு காலி இடம் வேண்டும் என்கின்றன. பின்சுவர்த் தூரத்தைப் பற்றி அவை இப்படிக் கட்டளை போடுவதில்லை. உட்காருகிறவரின் உடம்புக்குத் தேவையானதைச் சட்டம் எடுத்துக்கொண்டது. உடம்புக்குச் சம்பந்தமில்லாத பன்னிரண்டு அங்குலத்தைக் குயவரும் பிளம்பரும் கடைக்காரரும் தங்களுக்குள் ஒரு வழக்கமாக்கிப் பொருள்களின் தரநிலையில் எழுதிக்கொண்டார்கள். தரை மேல் நிற்கும் யாருடைய முழங்காலுக்கும் அந்த எண்ணோடு உறவில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது நியாயமான மறுப்புதான். இப்படி ஒரே அளவாக்கியது கம்பெனிகளின் சூழ்ச்சி அல்லவா, பழைய வீட்டுக்காரனைப் புதுக்குழாய் போட வைக்கும் தந்திரம் அல்லவா என்று கேட்கலாம். அமெரிக்கப் பீங்கான் கழிப்பறைக் கம்பெனிகள் சூழ்ச்சிக்கு அப்பாற்பட்டவை என்று யாரும் வாதாட முடியாது. 1927ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ட்ரெண்டன் பாட்டரீஸ் வழக்கு அதற்குச் சாட்சி. இந்தத் தொழிலில் ஏறத்தாழ 82 சதவீதத்தைக் கையில் வைத்திருந்த கம்பெனிகள் கூடிப் பேசி விலையை நிர்ணயித்தன. ‘நாங்கள் வைத்த விலை நியாயமான விலைதான்’ என்று சொல்லித் தப்ப முடியாது என்று நீதிமன்றம் அடித்துச் சொன்னது. இன்றைக்கும் போட்டிச் சட்டம் படிப்பவர்களுக்கு அது அடிப்படை வழக்கு. ஆனால் அந்த வழக்கு விலையையும் யாருக்கு விற்பது என்பதையும் பற்றியது, அங்குலத்தைப் பற்றியது அல்ல. அளவு விஷயத்தில் கணக்கு நேர்மாறாக ஓடுகிறது. பத்து அங்குலக் கோப்பையும் பதினான்கு அங்குலக் கோப்பையும் இன்றும் அங்கே வார்க்கப்படுகின்றன, குறைந்த எண்ணிக்கையில், பெரும்பாலும் கூடுதல் விலைக்கு. பழைய வீடுகளை ஒரேயடியாகக் கைவிடுவதுதான் நோக்கம் என்றால் அந்த அச்சுகளை எப்போதோ உடைத்திருப்பார்கள். ஒரே அளவால் கம்பெனிக்கு லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த லாபத்தில் பெரும்பங்கு, கோப்பையை மாற்றும் ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கிறது. பன்னிரண்டு அங்குலத் துளை உள்ள வீட்டில் எந்தக் கம்பெனியின் கோப்பையும் உட்காரும். நஷ்டப்படுபவர் அந்த வழக்கம் நிலைக்கும் முன் கட்டிய வீட்டில் இருப்பவர். அவர் நஷ்டம் உண்மை, ஆனால் அதை யாரும் திட்டமிடவில்லை.

இந்த எண் எவ்வளவு பயன்பட்டது என்பதற்கு இன்னும் வலுவான சான்று தண்ணீரில் இருக்கிறது. 1992ல் அமெரிக்க எரிசக்திக் கொள்கைச் சட்டம் ஒரு தடவை ஊற்றும் தண்ணீரை 1.6 காலனுக்கு, அதாவது சுமார் ஆறு லிட்டருக்கு, மேல் போகக்கூடாது என்றது. அதற்கு முன் மூன்றரைக் காலன் சாதாரணம், அதற்கும் முந்தைய கோப்பைகள் ஐந்துக்கு மேலேயே விழுங்கின. முதலில் வந்த குறைநீர்க் கோப்பைகள் சரியாக இழுக்கவில்லை, ஜனங்கள் இருமுறை ஊற்றித் திட்டினார்கள். பிறகு கோப்பையின் உள்வளைவு, வாயின் அகலம், தொட்டியின் வால்வு எல்லாவற்றையும் மாற்றி வரைந்தார்கள்; இன்று 1.28 காலனிலேயே நன்றாக இழுக்கிறது. இத்தனை மாற்றமும் தரைக்கு மேலேயே நடந்தது. தரையை ஒருவரும் உடைக்கவில்லை. துளையின் இடம் நிலையாக இருந்ததால்தான் மேலே இருப்பதை எப்படி வேண்டுமானாலும் மாற்ற முடிந்தது. அந்த எண் எல்லை தாண்டியும் பயணப்பட்டது. சீனத்தின் தேசியத் தரநிலை தரைவழிக் கோப்பைக்குச் சுவரிலிருந்து 305 மில்லிமீட்டர் என்கிறது. மீட்டர் முறையில் வாழும் நாட்டில் 305 என்ற அந்த முரட்டு எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது பன்னிரண்டு அங்குலமே, வேறில்லை. ஆனாலும் அங்கே பல வீடுகளில் 400 மில்லிமீட்டர்த் துளையும் உண்டு. கோப்பை வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். ஜப்பானில் புதிய கோப்பைகளுக்குப் பெரும்பாலும் 200 மில்லிமீட்டர் என்று ஆகிவிட்டது. அங்கே கம்பெனிகள் பழைய வீடுகளுக்கென்றே, அடியில் நீட்டிக் குறைக்கும் குழாய்த்துண்டு சேர்த்த தனி வகையை விற்கின்றன. பிளம்பர் ஈயத்தில் செய்த வேலையைப் பிளாஸ்டிக்கில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி நம் ஊர். இங்கே கதை இன்னும் சிக்கலானது, கசப்பானதும்கூட. நம் நகரங்களின் பழைய தெருக்களில் கழிப்பறை வீட்டின் கடைக்கோடியில் இருந்தது குழாயால் அல்ல. மலத்தை மனிதக் கையால் அள்ளிய காலத்தில், அள்ளுகிறவர் வீட்டுக்குள் வராமலே வேலையை முடிக்கவேண்டும் என்று பின்புறம் ஒரு சந்து விடப்பட்டது. கழிப்பறை அந்தச் சந்தை ஒட்டிக் கட்டப்பட்டது. சாதி வகுத்த இடம் அது. பிறகு பல ஊர்களில் செப்டிக் டேங்கோ பாதாளச் சாக்கடையோ வந்தபோது குழாய் போனதும் பெரும்பாலும் அதே பின்சுவர், அதே சந்து வழிதான். உலர் கழிப்பறை கட்டுவதையும் அதில் மனிதரை ஈடுபடுத்துவதையும் தடைசெய்த சட்டம் 1993ல்தான் வந்தது, அதை வலுப்படுத்திய சட்டம் 2013ல். இதன் மேல் வந்து ஏறியது பிரிட்டிஷ் மரபு. வெளிச்சுவரில் கழிவுக் குழாய் என்பது அந்த ஊரின் பயத்தில் பிறந்த விதி. உறைபனி இல்லாத நம் ஊருக்கு அது தற்செயலாகப் பொருந்திப் போனது. இன்றும் சென்னையின் எந்த அடுக்குமாடியின் பின்பக்கம் பார்த்தாலும் நாலு இஞ்ச் குழாய்கள் வரிசையாகத் தொங்கும். கோப்பை செய்யும் தொழிலும் பிரிட்டனிலிருந்து வந்த அறிவோடுதான் தொடங்கியது. 1960ல் உருவான நிறுவனம் ஒன்றின் முதல் பெயரே ஹிந்துஸ்தான் ட்வைஃபோர்ட்ஸ். தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் அதற்கும் முன்பே இந்தத் தொழிலில் இறங்கியிருந்தது.

ஆனால் நம்மவர்கள் உட்கார்ந்த விதம் வேறு. தரையோடு தரையாகப் பதிக்கும் இந்தியன் பேன், ஒரிசா பேன் ஆகியவற்றில் வளைவு கோப்பைக்குள் இல்லை. தனி டிராப்பாகக் கீழே கான்கிரீட்டில் புதைந்திருக்கிறது. ஒரு வகையில் நாம் ட்வைஃபோர்டுக்கு முந்தைய நிலையிலேயே இருந்தோம். கோப்பை குயவருடையது, வளைவு பிளம்பருடையது. பேனின் பின்விளிம்புக்கும் சுவருக்கும் எவ்வளவு விடுவது என்பதை அறையின் அளவைப் பார்த்துக் கொத்தனார் முடிவு செய்தார், அது தவறும் அல்ல. முழங்கால் தேய்ந்த வயதில் அதே இடத்தில் வெஸ்டர்ன் க்ளோசெட் வைக்க வேண்டும் என்று வரும்போதுதான் இரண்டு மரபுகளும் நேருக்கு நேர் மோதுகின்றன. புதைந்த துளை சுவரிலிருந்து ஒன்றரை அடி, சில வீடுகளில் அதற்கும் மேல் தள்ளி இருக்கும்; கடையில் கிடைக்கும் எஸ் டிராப் கோப்பையோ நாலு இஞ்ச், ஒன்பது இஞ்ச், பன்னிரண்டு இஞ்ச் என்ற மூன்றில் ஒன்று. பெட்டியில் 100, 220, 300 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்தாலும் கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. பழைய டிராப்பை எடுக்காமல் அதன் மேலேயே புதுக் கோப்பையை வைத்துவிட்டால், கோப்பைக்குள் ஒரு வளைவும் தரைக்குள் ஒரு வளைவுமாக இரண்டு நீர்ப்பூட்டு சேர்ந்து நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். எவ்வளவு ஊற்றினாலும் மெதுவாகவே இறங்கும். கம்பெனியின் மேல் வரும் புகார்களில் சிலவற்றுக்குக் காரணம் இப்படிப் புதைந்து கிடக்கும் இரண்டாவது டிராப்தான்.

இதெல்லாம் வரலாறு இல்லை, வெறும் கவனக்குறைவு, ஒழுங்காக அளந்து குழாய் போட்டிருந்தால் சிக்கலே வராது என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. சிமென்ட் பூச்சும் டைல்ஸும் சேர்வதற்கு முன் செங்கல் சுவரிலிருந்து அளந்தால் ஓர் இஞ்ச் வரை தவறும். பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் இன்னும் அரை இஞ்ச் குறையும். இந்தப் பிசகுக்குப் பொறுப்பு வேலை செய்தவருடையது. ஆனால் ஒன்பதுக்கும் பதினெட்டுக்கும் உள்ள வித்தியாசம் பிசகு அல்ல, வேறு காலத்தின், வேறு பொருளின் சரியான அளவு. இன்னொரு சாரார், ஒரு வளைந்த ஆஃப்செட் இணைப்பைப் போட்டால் தீர்ந்தது, இதற்குப் போய் இவ்வளவு பேச்சா என்பார்கள். ஓரிரண்டு இஞ்ச் வரை அது உதவும், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கழிவு நேராக விழவேண்டிய இடத்தில் அது ஒரு படியை வைக்கிறது. குறைந்த தண்ணீரில் இழுக்கும் இன்றைய கோப்பைகளுக்கு அடியில் அந்தப் படி அடைப்புக்கு அழைப்பு. பின்னால் மூன்று இஞ்ச் இடைவெளி வந்தால் அதை ஏற்றுக்கொண்டு, தொட்டிக்குப் பின்னே ஒரு சின்ன மேடை கட்டிவிடுவது அதைவிட மேல். துளை வெகுதூரம் என்றால் தரையை உடைத்துக் குழாயை நகர்த்துவதுதான் நேர்வழி; மேல்மாடியில் அதைச் செய்தால் நீர்க்கசிவுத் தடுப்பையும் முழுதாகத் திரும்பப் போடவேண்டும், இல்லையென்றால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும். வெளிச்சுவர் பக்கத்தில் இருந்தால் பி டிராப் கோப்பைக்கு மாறி, சுவரில் துளையிட்டு வெளியே இருக்கும் குழாயோடு சேர்ப்பது பலருக்கு மலிவாகவும் முடியும்.

ஆகவே க்ளோசெட் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், பூசி டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து துளையின் நடுப்புள்ளி வரை அளந்து, எஸ் டிராப்பா பி டிராப்பா என்று பார்த்து, பி டிராப் என்றால் தரையிலிருந்து குழாயின் நடு உயரத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பழையது இந்தியன் பேன் என்றால், கீழே புதைந்த டிராப்பை எடுத்த பிறகே புதியதை வைக்கும்படி பிளம்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.